வீசா வரும்வரை பத்துப் பேர், வந்த பிறகு யார்?

ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஏதாவது ஒரு வீட்டில் சூட்கேஸ் நிறுத்துக்கொண்டிருப்பார்கள். போன வருடம் அது எங்களுக்கு மேல் மாடி வீடு. கொக்கித் தராசு 32 காட்டியது, அனுமதி 30 கிலோ. வறுத்து இடித்த மிளகாய்த்தூளில் கைவைக்க அம்மா விடவில்லை. ஒடியல் மாவும் பருத்தித்துறை வடையும் அப்பாவின் பொறுப்பு, அவரும் அசையவில்லை. கடைசியில் வெளியே வந்தது ஆய்வு முறையியல் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று. பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்க இங்கிலாந்தின் வடபகுதிக்குப் போகும் பிள்ளை அது.

"எல்லாம் சொல்லித் தந்துவிட்டார்களா, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"எல்லாம் முடிந்துவிட்டது அண்ணா. வீசாவும் வந்துவிட்டது" என்றாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். முடிந்தது வீசா வேலை. படிப்பு வேலை தொடங்கவே இல்லை என்பது எனக்கு நவம்பரில்தான் உறைத்தது.

ஆட்களை அனுப்புவதில் கொழும்பு தேர்ந்த நகரம். காலி வீதியில் இரண்டு தெருவுக்கு ஒரு முகவர் பலகை. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் பயிற்சிக்கு ஆள் உண்டு. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் உண்டு. சான்றிதழ்களை உறுதிப்படுத்தப் பத்தரமுல்லை சுஹுருபாயவில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உண்டு. பிரித்தானிய வீசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைக்கும், காசைத் தொடர்ந்து 28 நாள் வங்கியில் காட்டுவதற்கும் வழிசொல்ல ஆள் உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று கைபிடித்துவிடுகிறார். கட்டுநாயக்கவில் பயணப் பொதியை ஒப்படைத்ததும் அத்தனை பேரும் கையை விட்டுவிடுகிறார்கள். முகவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் பல்கலைக்கழகம் தரும் தரகுதான் அவருடைய வருமானம். மாணவர் போய்ச் சேர்ந்தால் அவருடைய வேலை முடிகிறது. போய்ச் சேர்ந்தவர் நிலைகொள்கிறாரா என்பது அவர் கணக்கில் வராது.

முன்பு இது வேறு மாதிரி இருந்தது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது உருவான யோசனை, ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டமாக 1951 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 1980கள் வரையில் அவுஸ்திரேலியாவுக்கு மட்டும் ஏறத்தாழ 20,000 ஆசிய மாணவர்கள் போனார்கள். அவர்கள் ஓர் அரசு அழைத்த விருந்தாளிகள். எண்ணிக்கை குறைவு, கவனிப்பு அதிகம். வார இறுதியில் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடும் உள்ளூர்க் குடும்பங்களும் இருந்தன. இன்று போகிறவர்களில் பலர் காணியை அடகுவைத்துக் கட்டணம் கட்டிப் போகிறவர்கள். விருந்தாளிக்குக் கிடைத்த கவனிப்பு இப்போது விதியாக எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு மாணவர் கல்விக்கான அவுஸ்திரேலியாவின் 2018 தேசிய விதிக்கோவையின் ஆறாம் நியமம், வெளிநாட்டு மாணவருக்கு அறிமுக நிகழ்ச்சி நடத்துவதையும் உதவிக்குத் தொடர்பாளரை வைப்பதையும் கல்வி நிறுவனத்தின் கடமையாக்குகிறது. நியூசிலாந்தில் 2021இன் மாணவர் நலன் பேணும் விதிக்கோவை இருக்கிறது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் உளவள ஆலோசகர், கல்வித்திறன் மையம், தனிப்பட்ட ஆலோசக விரிவுரையாளர், நூலகர் என்று ஒரு படையே உண்டு.

அப்படியானால் எங்கள் பிள்ளைகள் ஏன் நவம்பரில் இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து அழுகிறார்கள்? அந்த உதவிகள் எல்லாமே கேட்டால் மட்டும் கிடைப்பவை. கேட்பதுதான் எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று.

எங்களை வளர்த்த வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். முந்நூறு பேர் உட்கார்ந்த டியூட்டரி மண்டபம், ஒலிவாங்கி பிடித்த சேர், அச்சடித்த குறிப்பு. விளங்கவில்லை என்று கையை உயர்த்துகிறவன் ஒன்றில் மொக்கன், இல்லையென்றால் கொழுப்புப் பிடித்தவன். விளங்காததை இரவில் வீட்டில் வைத்து மனப்பாடம் செய்வதுதான் மரியாதை. இந்த மரியாதை பரீட்சையில் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசும் ஒரு முதுமாணி வகுப்பில் இதே மரியாதை 'வாசிக்காமல் வந்திருக்கிறார்' என்று படிக்கப்படும். மேற்பார்வையாளருக்கு ஆறு வாரம் மின்னஞ்சல் அனுப்பாத மாணவரைப் பற்றி 'தொந்தரவு தராத நல்ல பிள்ளை' என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள், அல்லது நினைக்கவே மாட்டார்கள்.

இதில் காலக் கணக்கு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

கொழும்பில் முதுமாணி என்றால் எங்கள் மனதில் வருவது சனியும் ஞாயிறும். கிழமை நாளில் வேலை, வார இறுதியில் வகுப்பு, இரண்டு வருடமோ மூன்று வருடமோ இழுத்துக்கொண்டு போகலாம். இங்கிலாந்தின் பாடநெறி முதுமாணி, அதாவது வகுப்புகளை மையமாகக் கொண்டது, பெரும்பாலும் ஒரே வருடம், 180 திறமைப் புள்ளி. அங்கே ஒரு புள்ளிக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்பது கணக்கு, ஆக மொத்தம் 1,800 மணித்தியாலம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலம் என்பதால் இரு நாட்டுப் புள்ளிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருபது புள்ளிப் பாடம் ஒன்று 200 மணித்தியாலம். அதில் வகுப்பறையில் கழிவது இருபதோ முப்பதோதான். மீதி 170 மணித்தியாலத்துக்கு நேரசூசியில் எதுவும் எழுதியிருக்காது. வெற்றிடமாகத் தெரியும். அந்த வெற்றிடத்தை ஓய்வு என்று நினைத்துப் பகுதிநேர வேலையால் நிரப்பியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

புதிய நாட்டில் மனம் நிலைகொள்ளும் வேகம் பற்றி நோர்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லீஸ்கார்ட் 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த இருநூறு நோர்வேஜியரிடம் கேட்டு எழுதியது. ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் திணறினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள், நன்றாகத் தொடங்கிச் சரிந்து மீண்டும் ஏறும் இந்த வளைவைக் கேள்விக்குள்ளாக்கி, பலருக்கு முதல் வாரங்களே மிகக் கடினம் என்று காட்டினார்கள். எது சரியாக இருந்தாலும் ஒரு வருட முதுமாணிக்காரருக்குச் செய்தி ஒன்றுதான்: அவருடைய முழுப் படிப்பும் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 'மெல்ல மெல்லப் பழகிவிடும்' என்று மாமாமார் சொல்வது நாலு வருடப் பட்டப்படிப்புக்குப் பொருந்தும். செப்டெம்பர் கடைசியில் தொடங்கினால் நவம்பரில் முதல் ஒப்படை. மெல்லப் பழகி முடிக்கும்போது பாடங்களில் பாதி முடிந்திருக்கும்.

அந்த முதல் ஒப்படையின் புள்ளி வரும் நாள் ஒரு சோதனை. எங்கள் உயர்தரத்தில் 75 எடுத்தால் ஏ, 65க்கு பி, 55க்கு சி. இந்த அளவுகோல் பதினெட்டு வயதில் எலும்புக்குள் இறங்கிவிடுகிறது. பிரித்தானிய முதுமாணியில் பொதுவாக 50 சித்தி, 60 மெரிட், 70 எடுத்தாலே அதிவிசேட சித்தி. எண்பதைக் கண்ணால் காண்பது அரிது. ஆனாலும் 62 என்ற எண்ணைப் பார்த்ததும் எங்கள் பிள்ளைக்குத் தெரிவது ஒரு சி. பாடசாலையில் சி எடுத்திராத பிள்ளை அது. வீட்டுக்குச் சொல்ல வெட்கம். பக்கத்து அறைச் சீனத் தோழியிடம் கேட்கவும் வெட்கம். எனக்கு முதல் கட்டுரைக்கு 58 வந்தபோது ஒரு கிழமை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அம்மா குளிர்க் காய்ச்சல் என்று நினைத்து மஞ்சளும் மிளகும் போட்டுப் பால் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புள்ளியை விட முக்கியம் அதன் கீழே எழுதியிருக்கும் பின்னூட்டம். என்னுடையதில் இருந்தது ஒரே வரி: வாசித்ததையெல்லாம் விவரித்திருக்கிறீர்கள், உங்கள் வாதம் எங்கே? நான் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அதுதான் அந்த வருடம் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள உதவி. மூன்று ஆசிரியர்கள் சொன்னதை அழகாகச் சுருக்கி எழுதினால் இங்கே பாராட்டு. அங்கே அந்த மூவரில் யார் எந்த இடத்தில் தவறுகிறார், ஏன் என்று நீங்கள் சொல்ல வேண்டும். பேராசிரியரின் புத்தகத்திலேயே ஓட்டை கண்டுபிடிப்பது பணிவின்மை இல்லையா என்று ஒரு தம்பி என்னிடம் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டான். அதைத்தான் அங்கே பணி என்கிறார்கள்.

எழுத்துத் திருட்டு விவகாரமும் இங்கிருந்துதான் முளைக்கிறது. குறிப்பில் உள்ளதை வரி பிசகாமல் எழுதினால் முழுப்புள்ளி என்று பதின்மூன்று வருடம் பழக்கிவிட்டு, திடீரென அதையே குற்றம் என்று சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? ஒப்படைகளைச் சோதிக்கும் டேர்னிட்டின் போன்ற மென்பொருள், பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைத்தான் கணக்கிடுகிறது, நோக்கத்தைப் பார்ப்பதில்லை. மேற்கோள் குறி போடாத நான்கு வாக்கியம் ஒரு விசாரணைக் கடிதமாகத் திரும்பி வரலாம். கல்வித்திறன் மையத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் தீரக்கூடிய விடயம் இது. அந்த மையத்துக்குப் போவது பின்தங்கிய மாணவரின் அடையாளம் என்று எங்களவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலேய மாணவர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

கேட்கும் பழக்கம் விமானம் ஏறுமுன்னரே தொடங்க வேண்டியது. மேல் மாடிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவளுடைய அப்பாவின் பெயரை விளித்தே வந்தன. 'அப்பாவுக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது' என்று வீட்டில் சிரிப்பு. சான்றிதழில் அப்பா பெயர் முதலில், தன் பெயர் பின்னால். குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. படிவத்தை நிரப்பியவர் முதலில் நின்ற சொல்லை முதற்பெயராக்கிவிட்டார். இது சிரிப்போடு போகாது. வகுப்பில் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டிய வீசா ஆவணங்களைத் தொடாமல், பல்கலைக்கழகப் பதிவில் 'விரும்பும் பெயர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போடும்படி கேட்டால் போதும், அடையாள அட்டை அச்சாகுமுன் சரிசெய்துவிடலாம்.

"கேட்டால் கோபிக்க மாட்டார்களா அண்ணா?" என்றாள்.

அவள் எழுதிய வரைவைப் பார்த்தேன். மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி, தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்பு, தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் தந்தமைக்கு நன்றி, தாழ்மையான வேண்டுகோள்... ஒன்பது வரி தாண்டிப் பத்தாவது வரியில்தான் விடயம் இருந்தது. நாங்கள் அதை நான்கு வரியாக்கினோம். வணக்கம், மாணவர் இலக்கம், என்ன தவறு, என்ன வேண்டும். மறுநாளே பதில் வந்தது, அவளுடைய பெயருக்கு. அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டது சூட்கேஸில் இருந்த எதையும் விடப் பாரம் குறைந்தது, பயன் கூடியது என்று நினைக்கிறேன்.

உறவினர் விடயத்தில் எனக்குக் கொஞ்சம் கடினமான கருத்து உண்டு. ஹரோவில் சித்தப்பா, ஸ்காபரோவில் மாமி, சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ஒன்றுவிட்ட அண்ணா என்று உலகம் முழுக்க எங்களுக்கு வீடு இருக்கிறது. வேறு நாட்டு மாணவருக்குக் கிடைக்காத வரம் இது. நோய் வந்தால் கஞ்சி காய்ச்சித்தர ஆள் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டிலிருந்து வளாகத்துக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் என்றால், மாலை வகுப்புக்குப் பின் நடக்கும் வாசிப்புக் குழு, தேநீர்ப் பேச்சு எல்லாம் கைநழுவும். 1977இல் ஸ்டீபன் பொக்னரும் உடன் ஆய்வாளர்களும் ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவரின் நட்புகளை ஆராய்ந்தபோது மூன்று வட்டங்களைக் கண்டார்கள். சொந்த நாட்டார் மனத்துக்கு ஆறுதல், உள்ளூரார் படிப்புக்கும் அன்றாடக் காரியத்துக்கும் வழி, மற்ற வெளிநாட்டு மாணவர்கள் பொழுதுபோக்குக்குத் துணை. எங்களவர்களிடம் முதல் வட்டம் அவ்வளவு பெரிது, மற்ற இரண்டுக்கும் இடமே இருப்பதில்லை. கோவில், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு என்று சனி ஞாயிறு போய்விடுகிறது.

உறவினரின் கடையில் வேலை என்பது இன்னும் சிக்கல். பிரித்தானிய மாணவர் வீசாவில் முதுமாணிக்காரருக்குப் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி எடுத்துச் சரிக்கட்ட முடியாது. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் வரும். 'கோடைக்காலம் விடுமுறைதானே' என்று ஜூலையில் நாற்பது மணித்தியாலம் நிற்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்: பாடநெறி முதுமாணிக்குக் கோடை என்பது ஆய்வேட்டுக் காலம், விடுமுறை அல்ல. அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24. 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சொல்லும் சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. வீசா பிள்ளையினுடையது.

காசு, குளிர், உடம்பு பற்றி ஊரே சொல்லும், அதனால் சுருக்கமாகவே விடுகிறேன். கொழும்பில் வருடம் முழுவதும் பகலின் நீளம் ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை. வட இங்கிலாந்தில் டிசம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே இருண்டுவிடும். அந்த இருட்டு மனத்தைப் பிடிப்பது சோம்பலும் அல்ல, கண்ணூறும் அல்ல. வீசாவோடு சேர்த்து வருடத்துக்கு 776 பவுண் சுகாதார மேலதிகக் கட்டணம் கட்டியாகிவிட்டது. ஆனாலும் போனவுடன் தங்குமிடத்துக்குப் பக்கத்து வைத்தியரிடம் பதிவு செய்யாமல், பனடோல் பெட்டியோடு குளிர்காலத்தைக் கடக்கிறார்கள். கட்டிய காசைக் கேட்டு வாங்குவதற்கும் கூச்சம்.

கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர்களின் கதை தனி. அவர்களில் பலர் இங்கே பல்கலைக்கழக விரிவுரையாளர்கள். கற்கை விடுப்பில், பிணைமுறியில் கையெழுத்திட்டு, பிணையாளர்களையும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள். படிப்பை முடிக்காமல் திரும்பினால் பணம் திருப்பிக் கட்ட வேண்டும், கையெழுத்திட்ட நண்பரின் தலையிலும் விழும். நாற்பது வயதில், இங்கே நூறு மாணவர் எழுந்து நிற்கும் வகுப்பிலிருந்து போய், அங்கே இருபத்தைந்து வயதுக்காரரின் பக்கத்து மேசையில் உட்காருகிறார்கள். மேற்பார்வையாளர் ஒருவேளை அவர்களை விட இளையவர். முதல் வருட முடிவில் ஆய்வு தொடரத் தகுதியா என்று பார்க்கும் மதிப்பீடு வருகிறது. பிணைமுறி பற்றி மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலக்கெடுவை அவர் வேறுவிதமாகத் திட்டமிட உதவியிருப்பார். ஆனால் 'இதையெல்லாம் போய் அவரிடம் சொல்வதா?' 2022இல் ரூபாய் சரிந்தபோது, மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு இருநூறு அளவில் நின்றது மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அங்கிருந்த எத்தனையோ பேர் கட்டணத் தவணைக்கு அவகாசம் கேட்காமலேயே தவித்தார்கள். பல பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே இடர்கால நிதி இருக்கிறது. பாடநெறி மாணவருக்கும் அப்படித்தான்: காய்ச்சலோ வீட்டில் மரணமோ என்றால் காலக்கெடு கடக்குமுன் விண்ணப்பித்தால் அவகாசம் தருவார்கள். கடந்த பின் அழுதால் பல இடங்களில் நாளுக்கு ஐந்து புள்ளி வெட்டு.

இதில் எவ்வளவோ கொழும்பிலேயே செய்து முடிக்கக்கூடியவை. வீசா வந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையில் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. அதை நாங்கள் தையல்காரரிடமும் உறவினர் வீட்டு விருந்துகளிலும் செலவழிக்கிறோம். பாடநெறியின் வாசிப்புப் பட்டியல் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கும். அதில் ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, கொழும்பு பொது நூலகத்தில் உட்கார்ந்து, இவர் சொல்வதில் எதை நான் ஏற்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதினால் முதல் வகுப்பின் பயம் பாதி குறையும். அதே பாடத்தைப் போன வருடம் முடித்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது 'எப்படி இருக்கிறது?' என்பதல்ல, முதல் ஒப்படைக்கு என்ன பின்னூட்டம் வந்தது என்பது. வீட்டாரையும் உட்காரவைத்து அந்தப் புள்ளிக் கணக்கைச் சொல்லிவைப்பது நல்லது. மேல் மாடியில் நான் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலேயே எழுதி ஒட்டினேன்: 50, 60, 70.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் அதிகாலை அவளிடமிருந்து செய்தி. வெறும் எண் மட்டும்: 62. அதன் கீழே அழுகிற முகம். நான் பதில் எழுதுமுன் அவளுடைய அம்மா படியிறங்கி வந்து, "மெரிட்டாம் தம்பி, பெட்டியில் எழுதியிருக்கிறதே" என்றார்.

அந்தக் கிழமையே அவள் விரிவுரையாளரின் அலுவலக நேரத்தில் பதினைந்து நிமிடம் பதிவுசெய்து போனாளாம். கதவுக்கு வெளியே நின்று கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு உள்ளே போனாளாம். மூன்றாம் பக்கத்தில் கிடந்த அவளுடைய சொந்தக் கருத்தை முதல் பந்திக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சூட்கேஸிலிருந்து எடுத்த புத்தகம் இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது. அங்கே நூலகத்தில் அதன் மின்பதிப்பு இருக்கிறதாம், நூலகரிடம் கேட்டபோது தெரிந்ததாம். மிளகாய்த்தூள்தான் ஜனவரிக்கே முடிந்துவிட்டது.